அவர் விலகுவதாகச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன்

1

அந்த வாக்கியத்தை நான் ஏன் அப்படியே மொழிபெயர்த்தேன்?

ஒரு வருடமாகிறது. இன்னும் பதில் இல்லை. சில நாட்களில், கடமைக்காகத்தான் என்று தோன்றும். வேறு சில நாட்களில், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பதில் வரும். உடனே தண்ணீர்க் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிடுவேன்.

நான் ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், ஸ்டோவ்னரில், எட்டாம் மாடியில் இருக்கிறேன். பதினாலு வயதில் திருகோணமலையிலிருந்து அப்பாவிடம் வந்து சேர்ந்து, இங்கே படித்து, இப்போது ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளராக வேலை செய்கிறேன். எட்டு வயதில் ஆரணி என்று ஒரு மகள். என் கணவரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில் கிழக்கில் எல்லே விளையாட்டுப் பார்த்தவர்கள் 'எல்லே சேர்' என்றால் அறிவார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை நான் ரயிலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது மரித் தொலைபேசி எடுத்தாள். எங்கள் பகுதிப் பேஸ்போல் கழகத்தின் தலைவி அவள். பிள்ளைகள் அணியின் பயிற்சியாளருக்குப் பேர்கன் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டதாம்.

"ரவி போன வருடம் தன் விருப்பத்தில்தான் விலகினார். அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் அவர் மனம் மாறியிருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பாயா? அவசரமில்லை. மார்ச் மாத ஆண்டுக் கூட்டத்துக்கு முன் சொன்னால் போதும்."

தன் விருப்பத்தில். என் கணவரோ, அவர்கள் தன்னைக் கலைத்துத் துரத்திவிட்டார்கள் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு கதையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இன்று ஞாயிறு. நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

2

எல்லே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, நான்கு தரிப்பிடங்களைச் சுற்றி ஓடி வரவேண்டும். கையுறை கிடையாது. அடிப்பவருக்குப் பந்தைப் போட்டுத் தருபவர் அவருடைய அணியைச் சேர்ந்தவராகவே இருப்பார். பேஸ்போலில் பந்தை எறிபவர் எதிராளி. இங்கே முதன்முதலாக அதைப் பார்த்த அன்று என் கணவரால் நம்ப முடியவில்லை. "அங்கை பந்து தாறது எங்கடை ஆள். இஞ்சை விழுத்துறதுக்கெண்டே எறியினம்," என்றார்.

அவர் கிழக்கில் ஓர் ஆசிரியர் கலாசாலையில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்தார். கலாசாலைப் படிப்பு இரண்டு வருடம். பயிற்சியாளருக்கு இது ஒரு தண்டனை. மூதூரிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வருகிறவர்களில் பாதிப்பேர் தடியைக் கையால் தொட்டதில்லை. முதல் வருடம் முழுவதும் பழக்கவேண்டும். இரண்டாம் வருடம் விளையாடவேண்டும். கிண்ணம் வந்த கையோடு முழு அணியும் நியமனக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். மைதானத்தில் மறுபடியும் அவரும் பத்துப் பன்னிரண்டு தடிகளும் மட்டும் இருப்பார்கள். அப்படியிருந்தும் அவர் காலத்தில் ஐந்து முறை மாகாணக் கிண்ணம் அந்தக் கலாசாலைக்கு வந்தது.

அவர் ஒருவரையும் கையைப் பார்த்துத் தெரிவு செய்வதில்லை. காலைப் பார்ப்பார். சி.ஆர். கொப்பி என்ற தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, 'இடது கால் பிந்துகிறது', 'திரும்பும்போது குதிகால் நிலத்தில்' என்று எழுதி வைப்பார். ஒருமுறை போட்டிக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் மூங்கில் தடிக் கட்டைப் பார்த்து எல்லாரையும் இறக்கிவிட்டார்களாம். எல்லே அடிக்க என்று சொல்லியும் நம்பவில்லை. அடித்துக் காட்டு என்றார்கள். இவர் அடித்த பந்து கடலுக்குள் போக, காவலில் நின்றவர்களே கைதட்டினார்களாம். "அண்டைக்குப் போட்டியிலை கிடைச்ச கைதட்டை விட அதுதான் பெரிசு" என்று எங்கள் கலியாண வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வருடம் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். அவர் நேரே அதிபரிடம் போய், "சேர், நான் விலகிறன். வேறை ஆளைப் போடுங்கோ," என்றாராம்.

அதிபர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உமக்கென்ன விசரே? பிள்ளையள் வெயிலுக்குள்ளை நிக்குதுகள். கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாட்டைக் குடும்."

அவ்வளவுதான். அடுத்த நாள் பயிற்சி. எங்கள் ஊர்க் கோயில் சபைத் தலைவரும் ஒவ்வொரு வருடமும் விலகுவார். சனசமூக நிலையச் செயலாளரும் விலகுவார். "நீங்கள் இல்லாட்டி ஆர் செய்யிறது?" என்று நாலு பேர் சொன்னதும் தேநீர் வரும். நான் வேண்டுமா என்று நேரே கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கேட்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் பதினாலு வயதுவரை அங்கே வளர்ந்தவள்.

3

கலியாணத்துக்குப் பிறகு அவருடைய விசாவுக்குப் பதினாலு மாதம் காத்திருந்தோம். வந்ததும் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒன்பது மாதம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. அவருடைய கல்வி இந்த நாட்டு ஆசிரியர் கல்விக்குச் சமமானதல்ல. மொழிப் பரீட்சை எழுதியபின் மேலதிகப் பாடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் அந்தக் கடிதத்தை மடித்து சி.ஆர். கொப்பிக்குள் வைத்தார். அடுத்த வாரம் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலைக்குப் போனார். இன்றும் அங்கேதான்.

ஒரு வைகாசி மாதம் வேலை முடிந்து வரும் வழியில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் பிள்ளைகள் மட்டையோடு நிற்பதைக் கண்டிருக்கிறார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் பொறுக்கமாட்டாமல் உள்ளே போய், ஒரு பிள்ளையின் சப்பாத்துக்கு முன்னால் குந்தியிருந்து, காலைக் காட்டித் திருத்தியிருக்கிறார். அடுத்த பந்து வேலியைத் தாண்டிவிட்டது. மரித் ஓடிவந்து பெயர் கேட்டாள்.

இங்கே கழகங்களைப் பெற்றோரே நடத்துவார்கள். சம்பளம் இல்லை. எல்லாரும் சேர்ந்து செய்யும் பொது வேலை என்பதால் யாரும் மறுப்பதில்லை. அந்த அணி ஒரு போட்டியிலும் வென்றதில்லை. வென்றே ஆகவேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை. அவர் நாற்பது நோர்வேஜியச் சொற்களை வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினார். ஓடு, குனி, கால், இன்னொருமுறை. முதல் மாதம் கையுறைகளைக் கழற்றி வைத்து, மெதுவான பந்தை வெறுங்கையால் பிடிக்கப் பழக்கினார். பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள். இரண்டு வருடத்தில் அவர்களும் அடுத்த அணிக்குப் போய்விடுவார்கள்.

"இதுவும் கலாசாலைதான்," என்றார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்துக்கொண்டு வீட்டுப்படி ஏறியது அன்றைக்குத்தான்.

இரண்டாம் கோடையில் வெல்லத் தொடங்கினார்கள். நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன். கொஞ்சம் அல்ல, நிறைய. ஆனால் பெருமையோடு வேறொன்றும் சேர்ந்தே வந்தது. வாரத்தில் மூன்று மாலை அவர் இல்லை. மொழிப் பரீட்சைப் புத்தகம் மேசையில் திறக்காமல் கிடந்தது. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபோன சுகந்தியக்கா, பிறந்தநாள் வீடொன்றில் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னா: "எங்கடை மனிசன் ரெண்டு வேலை. உம்மடை மனிசன் வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குப் பந்து பொறுக்கிறார். குடுத்து வைச்சனீர் பிள்ளை!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

4

பிரச்சினை ஒரு தோப்புக்கரணத்தில் தொடங்கியது.

கலாசாலையில் அவர் வைத்திருந்த வழக்கம் அது. பயிற்சிக்குப் பிந்தி வந்தால் பத்துத் தோப்புக்கரணம். அவர் பிந்தினால் அவருக்கு இருபது. அதையே இரண்டாம் வருடத்தில் இங்கேயும் கொண்டுவந்தார். ரயில் தாமதமான நாளில் காதைப் பிடித்துக்கொண்டு அவரும் இருபது போட்டார். பிள்ளைகள் சுற்றி நின்று எண்ணினார்கள். ஆரணி அதைக் கண்டுவிட்டு வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள்.

ஐந்தாறு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு தாய் கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். தன் மகன் எல்லார் முன்னிலையிலும் காதைப் பிடிக்க வைக்கப்பட்டான், இது அவமானப்படுத்தல். இன்னொரு தகப்பன், பயிற்சியாளர் சத்தமாகப் பேசுகிறார், சிலரைக் குறைவாக விளையாட விடுகிறார் என்று எழுதினார். மரித் எங்கள் இருவரையும் ஒரு 'உரையாடலுக்கு' அழைத்தாள். கடிதம் மிக மென்மையாக இருந்தது. இந்த நாட்டில் கடிதம் மென்மையாக இருந்தால் விஷயம் பெரிது. அன்று வேலையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு தரம் பால் ஊற்றிக் கொடுத்தேன்.

"என்னவாம்?" என்றார்.

"சும்மா கதைக்கத்தானாம். தோப்புக்கரணம் வேண்டாமாம்."

"அது தேகப்பயிற்சியல்லோ? நானும்தானே போடுறன்."

"அதைச் சொல்லுவம்."

5

பள்ளிக்கூடத்தின் கைப்பணி அறையில் கூட்டம். எங்களோடு ஆறு பேர். அமுக்கிக் கோப்பி எடுக்கும் பெரிய பிளாஸ்க் ஒன்று மேசையில் இருந்தது. அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். மற்ற நான்கு பேரும் கம்பளிச் சட்டையோடும் மழைச் சப்பாத்தோடும் இருந்தார்கள். அவர் ஏதோ நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மரித் முதலில் நன்றி சொன்னாள். பிள்ளைகள் அவரை எவ்வளவு விரும்புகிறார்கள் என்று சொன்னாள். பிறகு, காது பிடிப்பதை நிறுத்தவேண்டும், எல்லாருக்கும் ஒரே அளவு விளையாட நேரம் கொடுக்கவேண்டும் என்றாள். அந்தத் தகப்பன் ஒரு தாளைப் பார்த்து நாலைந்து நாட்களில் நடந்தவற்றை வாசித்தார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். 'அவமானப்படுத்தல்' என்ற சொல்லையும் சொன்னேன். அதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம்.

அவருடைய காது சிவந்தது. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்:

"அப்பிடியெண்டா நான் விலகிறன். வேறை ஆளைப் பாக்கச் சொல்லும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். அதற்கு என்ன பதில் வரவேண்டும் என்பதும் தெரியும். நான் சொல்லியிருக்கலாம்: 'அவர் மனம் நொந்திருக்கிறார். தான் வேண்டுமா என்று உங்களிடம் கேட்கிறார்.' அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. அல்லது அவர் பக்கம் திரும்பி, "விசர்க்கதை கதையாதேங்கோ" என்றிருக்கலாம். அதிபர் இரண்டு வசனத்தில் முடித்த விஷயம்.

நான் நல்ல நோர்வேஜிய மொழியில், இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன்: "அப்படியென்றால் தான் விலகுவதாகச் சொல்கிறார். நீங்கள் வேறொருவரைத் தேடலாம்."

ஒருவர் கோப்பிப் பிளாஸ்கை அமுக்கினார். மரித் என் கணவருடைய கண்ணைப் பார்த்து, "இது எங்களுக்கு வருத்தம். ஆனால் உங்கள் முடிவை மதிக்கிறோம்," என்றாள். இங்கே ஒருவர் ஒன்றைச் சொன்னால் அது அவர் நினைத்ததுதான். அதற்கு மேல் கெஞ்சுவது மரியாதைக் குறைவு.

"என்ன சொல்லுறா?" என்று அவர் கேட்டார். அவருடைய குரலில் இன்னும் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது.

"சரியாம்," என்றேன்.

6

அடுத்த நாள் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. மூன்றாவது பந்தியில் ஒரே வரி: 'பயிற்சியாளர் தன் விருப்பப்படி விலகுகிறார்.' கீழே, திருத்தங்கள் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அறிவிக்கவும் என்று இருந்தது. ஏழு நாள். நான் அதை ஏழு நாளும் திறந்து வாசித்தேன். எட்டாம் நாள் ஒரு பூங்கொத்து வந்தது. "கலைச்சுப்போட்டுப் பூவும் அனுப்பினமோ?" என்று கேட்டுவிட்டு, அவரே அதைக் குப்பை போடும் இடத்துக்குக் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு அவர் மூன்று மாலையும் வீட்டில் இருந்தார். மொழிப் புத்தகம் திறக்கப்படவில்லை. ஆரணியும் அவரும் பேசுவது குறைந்துவிட்டது. முன்பு அவள் மைதானத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் தமிழில் கத்துவதைப் பிள்ளைகளுக்கு நோர்வேஜிய மொழியில் கத்துவாள். இப்போது சாப்பாட்டு மேசையில் அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும், "பப்பா, நீ கத்துறாய்," என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

இந்தக் கோடையில் அந்த அணி கிண்ணம் வென்றது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. 'ஒரே வருடத்தில் அணியை மாற்றிய இளம் பயிற்சியாளர்.' படத்திலிருந்த பிள்ளைகளில் பலருக்கும் கால் வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் வீட்டு நாற்காலியில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்தார். வெற்றி விழாவுக்கு வஃபல் என்ற பலகாரத்துக்கு மா கரைத்துக்கொண்டு வரும் முறை எனக்கு என்று மரித் பட்டியல் அனுப்பியிருந்தாள். என்ன செய்வது, பொது வேலை. கொண்டுபோனேன். எட்டு லீற்றர்.

வேலைக்குப் போய்வரும் ரயில் அந்த மைதானத்தைக் கடக்கும். சில கணங்கள்தான். ஒருநாள் மாலை அவரும் நானும் ஒன்றாக வந்தபோதுதான் கவனித்தேன், இருக்கை காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. மைதானம் தெரியும் இடது பக்கக் கதவோடு ஒட்டி நின்றார். பிறகு அவருடைய சி.ஆர். கொப்பியைத் திறந்து பார்த்தேன். திறந்திருக்கக்கூடாது. இந்தக் கோடை முழுவதும் எழுதியிருக்கிறார். 'மூன்றாம் தரிப்பிடம், வலது கால் பிழை. சொல்ல ஆளில்லை.'

7

இனி, பாத்திரம் கழுவும்போது வரும் அந்த மற்றப் பதிலைச் சொல்லவேண்டும்.

விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் ஒருநாள் அவர் தொலைபேசியில் சொன்னார்: "பதினொரு மாசமாச்சு. உமக்கும் வயசு போகுது. நான் விலகிறன். நீர் அங்கை வேறை ஆளைப் பாரும்." அதே சொற்கள். நான் ஒஸ்லோவில் ஒரு படிக்கட்டில் இருந்து அழுதேன். "நீங்கள்தான் வேணும், நீங்கள் வராட்டி நான் அங்கை வாறன்," என்றேன். மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. "சரி சரி, அழாதையும். பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்குதுகள், பயிற்சிக்குப் போகவேணும்," என்றார்.

ஆக, அந்த வாக்கியத்தின் பொருள் தெரியாமல் போயிற்று என்று நான் சொல்லமுடியாது. அன்று அவர் எனக்கு வேண்டியிருந்தார், அதனால் விளங்கிற்று. கைப்பணி அறையில் எனக்கு என்ன வேண்டியிருந்தது? மூன்று மாலைகளா? சுகந்தியக்காவின் வாயை அடைப்பதா? வெள்ளைச் சேட்டும் படிய வாரிய தலையும் அந்த அறையை விட்டு விரைவாக வெளியே போகவேண்டும் என்பதா? அல்லது உண்மையிலேயே, சொன்னதைச் சொன்னபடி சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழகிய நல்ல பிள்ளையாக இருந்தேனா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதும் ஒரு தப்பித்தல்தானோ என்று பயமாக இருக்கிறது.

8

செவ்வாய்க்கிழமை ரயிலில் தொடங்கிய தொலைபேசிப் பேச்சு எட்டாம் மாடி வரை நீண்டதால், நான் பேசியது ஆரணிக்குக் கேட்டுவிட்டது. கதவடியில் என்னை எதிர்பார்த்து நின்றிருக்கிறாள்.

"மரித் என்ன சொன்னவ?"

"வஃபலைப் பற்றி."

"நீ பொய் சொல்லுறாய் அம்மா. பப்பா திரும்பி ட்ரேனரா வரலாம் எண்டவ. எனக்குக் கேட்டது."

"பப்பாட்டை நான் சொல்லுறன். நீ சொல்லாதை."

"எப்ப?"

நான் குளிர்ச் சப்பாத்தைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

அன்றிரவு சாப்பிடும்போது சொல்லிவிடுவதென்றுதான் இருந்தேன். எப்படியோ பேச்சு அணியின் பக்கம் போனது. "அந்தக் கூட்டத்தை இப்ப நினைச்சாலும்…" என்று மெல்லத் தொடங்கினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தோப்புக்கரணத்தை விடச் சொன்னா விட்டிருப்பன். அதிலை என்ன இருக்கு? ஒராள், ஒரே ஒராள், இருங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும். அந்த அறையிலை என்னைத் தவிர அஞ்சு பேர் இருந்தவை."

மரித், அந்தத் தாய், அந்தத் தகப்பன், குறிப்பு எழுதியவர். நான் மனதுக்குள் எண்ணினேன். நாலுதான் வந்தது. ஆரணி என்னைப் பார்த்தாள். நான் எழும்பிப் போய் இன்னும் கொஞ்சம் பருப்புக் கொண்டுவந்தேன்.

அவர் என்னையும் சேர்த்துத்தான் எண்ணினாரா, அல்லது ஞாபகப் பிசகா? கேட்க எனக்குத் துணிவில்லை.

இதை வாசிக்கிறவர்களே, உங்களிடம் எனக்கு ஒரு யோசனை வேண்டும். மரித் திரும்பி வரச் சொல்கிறாள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, 'தன் விருப்பத்தில்' என்பதை நான் மறைக்கலாமா? ஆனால் மார்ச் மாதக் கூட்டத்தில் யாராவது ஒருவர், நீங்களாக விட்டுப் போனீர்களே என்று அவரிடம் கேட்பார். நாற்பது சொற்கள் தெரிந்தவருக்கும் அது விளங்கும். எல்லாவற்றையும் சொன்னால் அவருக்கு ஒருவேளை மைதானம் கிடைக்கும், அதன்பிறகு நான் எங்கே நிற்பேன் என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவர் இன்னும் பல வருடம் இடது பக்கக் கதவோடு நிற்பார். அதை ஆரணி பார்த்துக்கொண்டிருப்பாள், காரணமும் தெரிந்துகொண்டு.

என் பெயரைப் போடவேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் எல்லே சேரிடம் பழகியவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்களே அவருக்கு எழுதிவிடக்கூடும். அதை நினைத்துப் பயப்படுகிறேனா, எதிர்பார்க்கிறேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

கணவனுக்காக, தாய் தகப்பனுக்காக, யாருக்காகவாவது அந்நிய மேசையொன்றில் மொழிபெயர்த்தவர்கள் எழுதுங்கள். இதை அவரிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது? பத்திரிகை முகவரிக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவைப்பார்கள். அவர் வேலைக்குப் போனபிறகு நான் கீழே இறங்கிக் கடிதப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.